கூட்டமும் அதைக் காணும் கண்ணும்

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்னும் பழமொழி எழுதப்படாத கரும்பலகை நம் தமிழ்ப்பள்ளிகளில் இருந்திருக்க முடியாது. நானும் அதனைப் பலமுறை எழுதியிருக்கிறேன். கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். மாணவர் எழுதித் தந்தவற்றைத் திருத்தி மதிப்பெண்ணும் இட்டிருக்கிறேன். விறகுக் கட்டு, ஒற்றைக் குச்சி, நான்கு எருதுகள், ஒரு சிங்கம் என்று எடுத்துக்காட்டுகளும் ஆண்டுதோறும் மாறாமல் வரும். அப்பழமொழி பொய் என்று வழக்காட நான் முன்வரவில்லை. அது முழு உண்மைதானா என்னும் ஐயம், பெஸ்தாரி ஜெயாவின் ஈயக் குட்டை ஒன்றில் படகில் அமர்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில் என் உள்ளத்தில் எழுந்தது. அந்த ஐயத்தை ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குட்டையில் கண்டது

புக்கிட் செந்தோசாவிலிருந்து மேற்கே சென்றால், 2007 ஆம் ஆண்டுவரை பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வரும். அங்கே ஒரு காலத்தில் மிதவைக் கப்பல்கள் மண்ணைத் தோண்டி ஈயம் வாரின. கப்பல்கள் போய்விட்டன, அவை தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்த குட்டைகளாகக் கிடக்கின்றன. விரால், தோமான் முதலிய மீன்கள் அங்கே பல்கிப் பெருகியுள்ளன. வார நாள்களில் லாரி ஓட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் எடுக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர், ஒரு நாள் என்னையும் தம் படகில் அழைத்துச் சென்றார்.

படகின் முனையில் சிறிய திரை ஒன்று இருந்தது. நீருக்குள் இறக்கப்பட்ட கருவி ஒலியை அனுப்ப, திரும்பிவரும் எதிரொலி திரையில் படமாக விரிந்தது. சிறிது நேரத்தில் திரையில் ஒரு மேகம் தோன்றியது. நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகள் சேர்ந்து ஒரே உடல் போலச் சுருங்கின; விரிந்தன; திரும்பின. அதே வேளையில் நீர்ப்பரப்பிலும் சிறு கொப்புளங்கள் கிளம்பின. தோமான் காற்றையும் சுவாசிக்கும் மீன்; அதன் குஞ்சுகள் மூச்சுக்காக மேலே வந்து வந்து போகும். செம்பொன் நிறத்துக் குஞ்சுகளின் கூட்டம் எங்கள் கண்ணுக்கும் தெரிந்தது. மேகத்திற்குக் கீழே, சற்று விலகி, இரண்டு நீண்ட கோடுகள் அசையாமல் நின்றன. அவை தாயும் தந்தையும். குஞ்சுகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பருவம் வரையில் அவற்றைக் காத்து நிற்பது தோமானின் இயல்பு.

மாணவர் பொய்யிரையை அக்கூட்டத்தின் நடுவே எறிந்தார். நீர் வெடித்தது போன்ற ஓசை எழுந்தது. ஒரு கோடு மேலெழுந்து இரையைக் கவ்வியது. நெடிய போராட்டத்திற்குப் பிறகு பெருமீன் ஒன்று படகிற்குள் வந்து விழுந்தது. அது தாயா, தந்தையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நானும் கைதட்டினேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

“முன்பெல்லாம் நாள் முழுவதும் சுற்றினாலும் அகப்படாது, ஐயா. இப்போது குஞ்சுகள் எங்கே என்பதை இது காட்டிவிடுகிறது. குஞ்சுகள் இருக்கும் இடத்தில் பெரியது கட்டாயம் இருக்கும்,” என்றார் மாணவர்.

“பசியால்தான் கடிக்கிறதா, தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லை, ஐயா. குஞ்சுகளைக் காக்கத்தான் கடிக்கிறது.”

அவர் கொடியவர் அல்லர். கேட்ட வினாவிற்கு உண்மையான விடையைச் சொன்னார். ஆனால் அந்த விடைக்குப் பிறகு என்னால் கைதட்ட முடியவில்லை. திரையைப் பார்த்தேன். புள்ளிகளின் மேகம் அதே இடத்தில், அதே ஒழுங்குடன் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. கீழே இப்போது ஒரு கோடு மட்டுமே நின்றது.

ஒலியால் காணுதல்

ஒலியைக் கொண்டு நீருக்குள் காணும் கலை போரில் வளர்ந்த கலை. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பிரெஞ்சு இயற்பியலறிஞர் பால் லாங்கெவினும் பிறரும் இதனை உருவாக்கினர். பின்னர் இதற்குச் சோனார் என்னும் பெயர் நிலைத்தது. 1929 இல் கிமுரா என்னும் ஜப்பானிய ஆய்வாளர், குளம் ஒன்றில் இருந்த மீன்களை ஒலிக்கற்றையால் கண்டறிந்தார். 1935 இல் நார்வே நாட்டு ஆஸ்கார் சுன்ட், லோபோதன் கடற்பகுதியில் திரண்டிருந்த காட் மீன்கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். போர் முடிந்தபின் 1948 இல், நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்களுக்கான மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

இதன் இயக்கம் எளியது. நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைவிட இது நான்கு மடங்கு விரைவு. மீனின் உடலில் பெரும்பகுதி நீரைப் போன்றதே. ஆதலின் ஒலி அதனை எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆயினும் பல மீன்களின் வயிற்றுக்குள் காற்று நிறைந்த நீந்துபை ஒன்று உண்டு. ஒலி அந்தக் காற்றின்மீது மோதித் திரும்புகிறது. மீன் மிதப்பதற்காக இயற்கை அளித்த அந்தப் பையே அதனைக் காட்டிக் கொடுக்கிறது!

அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாக்கிய ‘டிட்சன்’ என்னும் ஒலிப்படக் கருவி, இக்கலையை மேலும் ஒரு படி உயர்த்தியது. விநாடிக்கு 18 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அது பயன்படுத்தும். மனிதச் செவிக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்தாம். விளக்கொளி ஊடுருவாத கலங்கல் நீரிலும், நள்ளிரவிலும், சில மீட்டர் தொலைவிலுள்ள மீன்களின் அசைவை அது ஓடும் படமாகக் காட்டும். மீனைப் பிடிக்காமல், குளத்தை வற்றச் செய்யாமல், இளமீன்கள் எவ்வாறு கூடுகின்றன, எவ்வாறு பிரிகின்றன என்று ஆராய்வதற்கு இதுபோன்ற கருவி வேறில்லை.

அவ்வாறு ஆராய்ந்தவர் அறிந்த செய்திகளுள் ஒன்று என் கருத்தை மிகவும் கவர்ந்தது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா ஏரிகளில், கடலுக்குச் செல்வதற்கு முன் ஓராண்டோ ஈராண்டோ வாழும் இளஞ்சால்மன் மீன்களைச் சோனாரால் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை இரவில் நடைபெறுகிறது. பகலில் அவை கூட்டமாக நெருங்கியிருப்பதால் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, எத்தனை மீன்கள் என்பதே தெரியாமற் போகும். இருட்டியபின் ஒன்றையொன்று காண முடியாமல் அவை கலைந்து பரவுகின்றன. அப்போதுதான் ஒவ்வொரு மீனும் தனித்தனிப் புள்ளியாகிறது. கூட்டத்தைக் காண்பது எளிது. கூட்டத்திலுள்ள ஒன்றைக் காண்பதற்குக் காத்திருக்க வேண்டும்.

அச்சமா? அன்பா?

மீன்கள் ஏன் கூடுகின்றன? அவற்றிற்குத் தலைவன் இல்லை, கட்டளை இல்லை. கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்குச் சென்றவர்கள், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் கண்டிருப்பார்கள். அங்கும் தாளம் போடுவார் ஒருவரும் இல்லை. தன்னை அடுத்திருப்பதைப் பார்த்துத் தான் நடப்பதாலேயே இத்தகைய பேரொழுங்கு பிறக்கிறது என்பர் அறிவியலார்.

அந்த ஒழுங்கின் உள்ளே இருப்பது என்ன? 1971 இல் இங்கிலாந்து நாட்டு உயிரியலறிஞர் வில்லியம் ஹாமில்டன் ஒரு கடுமையான விடையைத் தந்தார். ஒவ்வோர் உயிரும் தனக்கும் பகைக்கும் நடுவில் இன்னோர் உயிர் இருக்க வேண்டும் என்று விரும்பி உள்ளே நுழைகிறது. அவ்வாறு எல்லாமே நுழைவதால் கூட்டம் திரள்கிறது என்றார். பார்ப்பவருக்கு ஒற்றுமையாகத் தோன்றுவது, உள்ளே தன்னலமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். ‘நாடு ஓடினால் நடுவே ஓடு’ என்றார்கள். ஓரத்தில் ஓடுபவன் முதலில் அகப்படுவான் என்பதுதானே அதன் பொருள்?

எனினும் இது மட்டுமே விடையன்று. 1938 இல் கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். நன்னீர்ச் சிறுமீன் ஒன்றின் தோல் கிழிந்தால், அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதனை உணர்ந்த மற்ற மீன்கள் அஞ்சி விலகுகின்றன. கடியுண்ட மீனின் காயமே மற்றவற்றிற்கு எச்சரிக்கை ஆகிறது. அது தெரிந்தே செய்யும் ஈகம் அன்று. ஆயினும் ஒன்றன் துன்பம் மற்றவற்றிற்குப் பயன்படாமற் போவதில்லை.

இன்னும் ஒரு சோதனையை ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கிள்பேக் எனப்படும் முள்மீன்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2008 இல் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் பொம்மை மீன் ஒன்றைச் செய்து, அதனை ஒரு திசையில் நகர்த்தினார்கள். தனியாக விடப்பட்ட மீன் அந்தப் பொம்மையின் பின்னால் எளிதில் சென்றுவிட்டது. நான்காகவும் எட்டாகவும் கூடியிருந்த மீன்களோ, வழியில் ஆபத்து இருந்தபோது ஒற்றைப் பொம்மையைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது பொம்மையும் சேர்ந்து சென்ற பிறகே அவற்றின் போக்கு மாறியது. ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்று நம் பாட்டிமார் சொன்ன பழமொழியை முள்மீன்கள் கடைப்பிடிக்கின்றன! கூட்டத்தில் இருப்பவனே ஏமாறுகிறான் என்று நாம் எண்ணுகிறோம். தனித்து விடப்பட்டவன்தான் கண்ணில் படும் முதற் பொம்மையின் பின்னால் போகிறான் என்று இச்சோதனை சொல்கிறது. நம் பதின்ம வயது மாணவருள் தவறான கூட்டாளியின் பின்னால் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் பலர், அதற்கு முன்பே வீட்டிலோ வகுப்பிலோ தனித்துப் போனவர்கள் அல்லரா?

மேலும், கூட்டம் தனிமீனுக்குத் தெரியாததையும் அறிகிறது. கோல்டன் ஷைனர் என்னும் நன்னீர்மீன் நிழலை விரும்புவது. நிழல் எந்தப் பக்கம் என்று தனிமீனுக்குச் சரியாகப் புலப்படுவதில்லை. வெளிச்சத்தில் விரைந்தும் நிழலில் மெதுவாகவும் நீந்த மட்டுமே அதற்குத் தெரியும். கூட்டமாக நீந்தும்போது, வெளிச்சத்தில் அகப்பட்டவை விரைகின்றன. நிழலில் இருப்பவை தயங்குகின்றன. ஒன்றையொன்று பிரியாமல் நீந்துவதால் கூட்டம் முழுவதும் நிழலை நோக்கித் திரும்பிவிடுகிறது. எண்ணிக்கை கூடக் கூட இத்திறமும் கூடுகிறது என்று 2013 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆகவே கூட்டம் அச்சமும் ஆகும், அறிவும் ஆகும். மீன்கள் கூடுவதை அறம் என்று புகழ்வதும், தன்னலம் என்று இகழ்வதும் நம் சொற்களை அவற்றின்மேல் ஏற்றுவதே. அறத்தைப் பற்றிய வினா வேறோர் இடத்தில் தொடங்குகிறது.

முழுதும் காணும் கண்

கூட்டம் எந்தக் கண்ணுக்கு எதிராகத் தோன்றியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேட்டையாடும் மீன் ஒரு நேரத்தில் ஓர் இரையைத்தான் கவ்வ முடியும். நூறு மீன்கள் ஒன்றாக மின்னித் திரும்பும்போது அதன் கண் தடுமாறுகிறது. ஆதலின் அது கூட்டத்தை உடைக்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலக் கழிமுகத்தில், கலங்கல் நீரில் இளமீன்கூட்டங்கள் வேட்டையாடப்படுவதை ஒலிப்படக் கருவியால் பதிவு செய்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. வேட்டைமீன்கள் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க, பிரிந்த மீனே பெரிதும் ஆபத்திற்கு உள்ளாயிற்று. அந்தப் பகைக்கு எதிரே, கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஆனால் சோனாரின் கண் தடுமாறுவதில்லை. தனிமீன் அதற்கு ஒரு புள்ளி. கூட்டமோ தொலைவிலிருந்தே தெரியும் மேகம். பல்லுக்கு எதிரே அரணாக இருந்த நெருக்கம், வலைக்கு எதிரே குறியாக மாறிவிடுகிறது. மீன்கள் தவறேதும் செய்யவில்லை. என்றும் செய்ததையே செய்கின்றன. காணும் கண் மாறிவிட்டது.

இதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நூற்றாண்டுகளாக மக்கள் காட் மீன் பிடித்து வாழ்ந்தனர். மீன் குறைந்துகொண்டே வந்தபோதும், எஞ்சியவை தம் இயல்பின்படி ஒன்றுகூடி அடர்ந்து நின்றன. கருவிகள் அந்தக் கூட்டங்களைத் தேடிக் காட்டின. வலைகள் நிறைந்தே வந்தமையால், கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று கணக்குகள் கூறின. 1992 ஜூலை 2 ஆம் நாள் அரசு காட் மீன்பிடிப்பைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். கூட்டத்தைக் கண்டவர்கள், கூட்டங்களுக்கு இடையே வெறுமையாகிக் கொண்டிருந்த கடலைக் காணவில்லை.

இங்கே மறுப்பு ஒன்று எழும். குற்றம் கருவியுடையதா? இளஞ்சால்மனை எண்ணி, இத்தனைதான் பிடிக்கலாம் என்று எல்லை வகுக்க உதவுவதும் அதே கருவி அன்றோ? உண்மையே. கருவிக்கு அறம் இல்லை, மறமும் இல்லை. அதுபோலவே, மீன் பிடிப்பதைத் தவறென்று சொல்லவும் நான் முற்படவில்லை. நாம் மீன் உண்பவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பால்மரக் காட்டு ஓடையில் பிடித்த மீனே ஞாயிற்றுக்கிழமைக் குழம்பாக இருந்தது. என் வினா இதுதான்: பசித்து வந்த மீனைப் பிடிப்பதும், பிள்ளையைக் காக்க வந்த மீனைப் பிடிப்பதும் ஒன்றாகுமா? முன்னதில் மீனின் பசியை நாம் பயன்படுத்துகிறோம். பின்னதில் அதன் காவலையே தூண்டிலாக்குகிறோம். ஒரு பெருமீனோடு அந்தப் போகத்துக் குஞ்சுகளின் பாதுகாப்பும் கரையேறிவிடுகிறது.

கருவி இல்லாத காலத்திலும் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் எறிந்தார்கள் என்பர் சிலர். எறிந்தார்கள். ஆனால் அன்று நீர் கலங்கலாக இருந்தது. குட்டை பெரிதாக இருந்தது. மனிதன் பத்துக் கூட்டங்களில் ஒன்றைக் கண்டான். அவன் அறியாமையே மற்ற ஒன்பதிற்கும் வேலியாக இருந்தது. கருவி அந்த வேலியை அகற்றிவிட்டது. இயற்கை இட்ட வேலியை அறிவால் அகற்றுபவன், அந்த இடத்தில் தன் மனத்தால் ஒரு வேலி இட வேண்டும். அறியாமை காத்ததை இனி அடக்கம்தான் காக்க வேண்டும்.

பெரட்டுக் களம்

மீனைப் பற்றிய பேச்சு இத்துடன் முடிந்திருந்தால், அதனை இயற்கைப் பாதுகாப்புக் கட்டுரை என்று ஒதுக்கி வைத்திருப்பேன். அன்று திரையில் கண்ட மேகம் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களம் தெரியும். விடியுமுன் ஆள்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி பேர் கூப்பிடுவார். அன்றைய வேலை பிரிக்கப்படும். லயத்து வீடுகளும் வரிசையாகவே இருந்தன. அந்த நெருக்கம் நமக்குப் பெரிய அரணாக இருந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லயமே விழித்திருந்தது. கோயிலும் பள்ளியும் அந்த நெருக்கத்தில்தான் எழுந்தன. அதே நெருக்கம் நம்மை எண்ணுவதற்கும் எளிதாக்கியது. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. தோட்டம் கைமாறியபோதும் நிலம் வேறு பயனுக்குப் போனபோதும், ஒரே முடிவில் ஓர் ஊரே பெயர வேண்டியிருந்தது. முடிவு செய்தவர்களின் தாளில் இருந்தது ஆள்தொகை. அத்தொகைக்குள் இருந்த பாட்டியையும், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையையும் அந்தத் தாள் காட்டியிராது.

தொண்ணூறுகளில் எழுந்த புக்கிட் செந்தோசா போன்ற குடியிருப்புகளில், பல தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இன்று அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். வீடு சொந்தமானது, கதவும் அடைபட்டது. இரவில் கலைந்த இளமீன்களைப் போல ஒவ்வொருவரும் தனிப்புள்ளி ஆனோம். இதில் நன்மையும் உண்டு. கிராணியின் கண்ணுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் தனிமீன் எந்தப் பொம்மையின் பின்னாலும் போகும் என்பதையும் மறக்கலாகாது.

கூட்டத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காக நெடுங்காலம் ஒன்றாக நின்று குரல் கொடுத்ததை நாம் அறிவோம். அவர்கள் தம்மைக் காணும் கண்ணிலிருந்து மறைய முயலவில்லை. அந்தக் கண்ணைத் திரும்பிப் பார்த்து விடை கேட்டார்கள். மீனால் இயலாததும் மனிதனால் இயல்வதும் இதுவே. தம்மை எண்ணுபவனிடம், “எங்களை எதற்காக எண்ணுகிறாய்?” என்று கேட்பதற்கு மீனுக்கு வாய் இல்லை. நமக்கு உண்டு. கூடி வாழ்தலின் கோடி நன்மைகளுள் இதனை முதலில் வைக்க வேண்டும்.

ஆசிரியரின் கண்

இறுதியாக, என் தொழிலைப் பார்க்கிறேன். ஒரு பள்ளியில் எல்லாரையும் ஒருசேரக் காணும் கண் தலைமையாசிரியனுடையது. வருகைப் பதிவேடு, தேர்ச்சி விழுக்காடு, தர வரிசை ஆகியவை அனைத்தும் எங்கள் சோனார்கள். இன்று கணினி வந்தபின், எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் பின்தங்கினர் என்று ஒரு விரலசைவில் தெரிகிறது. அதனால் நன்மை விளைந்திருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் திரையில் தெரிவது மேகம். அந்த மேகத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்திவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணும் மயக்கம் எனக்கும் நேர்ந்ததுண்டு. விழுக்காடு உயர்ந்த ஆண்டில் மகிழ்ந்து மாலை சூடிக்கொண்டோம். விழுக்காட்டில் சேராமல் ஓரத்தில் நீந்திய இரண்டொரு பிள்ளைகளின் முகம் இன்று எனக்கு நினைவில் இல்லை. அந்த மறதிதான் இந்த வயதில் என்னை வருத்துகிறது.

இளஞ்சால்மனை எண்ணுபவர் இரவுக்காகக் காத்திருக்கிறார். ஆசிரியருக்கும் அத்தகைய ஒரு நேரம் உண்டு. மணி அடித்து, கூட்டம் கலைந்தபின், வாயிற்கதவருகே வீட்டார் வருகைக்காகத் தனியே நிற்கும் பிள்ளையைக் கவனியுங்கள். வகுப்பில் நாற்பது பேரோடு சேர்ந்து உரக்கச் சொன்ன விடையை அப்பிள்ளையால் தனியே சொல்ல முடிகிறதா? அதன் உணவுப்பெட்டி திறக்கப்பட்டதா? கேட்டால் ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை எந்தத் திரையும் நமக்குத் தந்துவிடாது.

ஆகவே, கரும்பலகையில் அந்தப் பழமொழியை இனியும் எழுதுவேன். ஆனால் அதன்கீழ் மாணவரிடம் இரண்டு வினாக்கள் கேட்பேன். நீ கூட்டத்தில் இருக்கும்போது, ஓடுபவன் ஒருவனா, ஊரா என்று கேட்டு ஓடுகிறாயா? நீ கூட்டத்தை மேலிருந்து காணும் நிலைக்கு உயரும்போது, அது அதிகாரியாகவோ முதலாளியாகவோ ஆசிரியனாகவோ இருக்கலாம், கண்டதையெல்லாம் கவர்ந்துகொள்ளாமல் இருக்கும் வலிமை உனக்கு உண்டா? முதல் வினா அறிவைச் சோதிப்பது. இரண்டாவது வினா அறத்தைச் சோதிப்பது. கூட்டம், கூடியவரின் ஒற்றுமையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தன்னை முழுதாகக் காண்பவரின் நெஞ்சையும் நம்பியே வாழ்கிறது.

அன்று கரை திரும்பும்போது மாணவர் என்னிடம் ஒரு வினாக் கேட்டார்: “தெரியாமல் இருந்தால் விட்டுவிடலாம், ஐயா. தெரிந்த பிறகு எறியாமல் எப்படி இருப்பது?” உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. எளிய விடை இருந்திருந்தால் மனித குலம் இத்தனை அறநூல்களை எழுதியிருக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மீண்டும் என்னை அழைத்தார், நானும் போனேன். குஞ்சுகளின் மேகம் ஒன்று திரையில் தெரிந்தது. அவர் தூண்டிலைக் கையில் எடுத்தார். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் படகை வேறு பக்கம் திருப்பினார். அடுத்த முறையும் அவ்வாறே செய்வார் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் அந்தச் சற்று நேரம் இருக்கிறதே, அதைத்தான் நாம் கல்வி என்கிறோம்.